திருப்பணிக்குப் பணம் அனுப்பும் முன்: பழைய இடங்களைக் காப்பதில் நாம் செய்யும் தவறுகள்

சென்ற மாதம் ஊரிலிருந்து சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருக்கிறார்கள். மண்டபத் தரை முழுக்கக் கிரானைட் பதிக்கப் போகிறார்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று உபயம் எழுதலாம், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் முன்னால் நிற்க வேண்டும் என்று இருந்தது. பக்கத்து ஊர்க் கோயிலில் ஏற்கெனவே பதித்த பளபளக்கும் கறுப்புத் தரையின் படமும் கூடவே வந்தது. பத்து நிமிடத்தில் குடும்பக் குழுவில் பதினொரு கும்பிடும் கைகள் விழுந்தன. நான் மட்டும் பதில் போடவில்லை. கஞ்சன் என்று நினைத்திருப்பார்கள்.

பழைய இடங்கள் அழிகின்றன என்றாலே நமக்கு ஆப்கானிஸ்தானில் 2001 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட பாமியான் புத்தர் சிலைகள்தாம் நினைவுக்கு வருகின்றன. அப்படிப்பட்ட அழிவில் குற்றவாளி யார் என்பதில் குழப்பமில்லை. திட்டிவிட்டு உறங்கப் போகலாம். நான் அருகிலிருந்து பார்த்த சேதங்களோ பெரும்பாலும் பக்தியாலும் பாசத்தாலும் தாராள மனத்தாலும் நடந்தவை. அவற்றைத்தான் நம்மால் நிறுத்தவும் முடியும்.

புதிதாக்கினால் காப்பாற்றியதாகிவிடும் என்ற நினைப்பு

இங்கே சிங்கப்பூரில், தேக்கா பக்கம் நண்பர் ஒருவர் பழைய கடைவீட்டில் கடை வைத்திருக்கிறார். பின்பக்கச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பூச்சு பொரிந்து கிடந்தது. விரலால் தொட்டால் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொள்ளும். நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது. கட்டட உரிமையாளர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆள் அனுப்பி, கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை பூசியபோது பொரிதல் இடுப்பு உயரத்துக்கு ஏறிவிட்டது.

அந்தக் காலச் செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு நுண்ணிய துளைகள் உள்ளது, ஆகவே உறிஞ்சிய ஈரம் அதன் வழியே காற்றில் போய்விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. வெளியேற முடியாத ஈரம் மேலே ஏறும். ஈரத்தோடு வந்த உப்பு செங்கல்லுக்குள் படிகமாகி அதை உள்ளிருந்தே உடைக்கும். சிமெண்ட் செங்கல்லைவிடக் கடினமானது என்பதால் பூச்சு முழுதாக நிற்கும், பின்னால் சுவர் மாவாகும். பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தாலும் இதே கதைதான்.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. சுண்ணாம்பு வேலை நம் கையில் இருந்த தொழில். இங்குள்ள செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். அதன் உட்பூச்சுக்குச் சங்குச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்த்து அரைத்தார்கள். அந்தப் பூச்சை வெள்ளைக்காரர்கள் 'மெட்ராஸ் சுனம்' என்றார்கள். நம் சுண்ணாம்புதான் அவர்கள் வாயில் அப்படித் திரிந்தது. அந்தத் தேவாலயம் 1862இல் அர்ச்சிக்கப்பட்டது, இன்றும் நிற்கிறது.

நல்ல நோக்கத்தோடு தவறான பொருளைச் சேர்ப்பதில் ஏதென்ஸ் நகரத்தாரும் அடிபட்டிருக்கிறார்கள். பழங்கிரேக்கர்கள் அக்ரோபோலிஸ் குன்றின் கோயில்களில் பளிங்குக் கற்களை இணைக்க இரும்புப் பட்டைகளை வைத்து, அவற்றைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றியிருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிக்கோலாஸ் பலானோஸ் என்ற பொறியாளர் சீரமைத்தபோது ஈயம் இல்லாமலே இரும்பைப் பொருத்தினார். அது துருப்பிடித்து வீங்கிப் பளிங்கைப் பிளந்தது. பின்னால் வந்தவர்கள் அந்த இரும்பை ஒவ்வொன்றாகக் கழற்றி டைட்டேனியம் வைக்கப் பல பத்தாண்டுகள் உழைத்தார்கள். ஈயம் எதற்கு என்று முதலிலேயே கேட்டிருக்கலாம்.

இனி ஊர்க் கோயில். கிரானைட் பதிக்கும்போது பழைய தரைக்கல்லைப் பெயர்ப்பார்கள், இல்லையென்றால் அதன் மேலேயே போடுவார்கள். பெயர்த்தால் கல்லில் எழுத்து இருந்ததா என்று பார்க்க ஆள் இருக்க மாட்டார்கள். மேலே போட்டால் தரை உயரும், அதிட்டானத்தின், அதாவது கோயில் சுவரைத் தாங்கும் அடிபீடத்தின், அடி வரிகள் மூழ்கும். கல்வெட்டுகளை முன்னோர் அதிகம் வெட்டியது அந்த அதிட்டானத்தில்தான். மழைநீரும் பழைய வாட்டத்தில் ஓடாமல் கருவறைப் பக்கம் திரும்பும். மணல் வீச்சு இதைவிட மோசம். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிறோம் என்று அழுத்தக் காற்றில் மணலை அடித்தால், பிசுக்கோடு கல்லின் தோலும் எழுத்தின் விளிம்பும் சேர்ந்து போய்விடும். ஆசிட் ஊற்றுவது, கம்பித் தூரிகையால் தேய்ப்பது, எனாமல் பெயிண்ட் அடிப்பது எல்லாம் அந்த வகைதான். பணம் கொடுப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. வேலையைப் பார்ப்பது யார்? கல்வெட்டு உண்டா? தொல்லியல் துறையிடம் கேட்டார்களா? தொடங்கும் முன் படம் எடுத்தார்களா?

பதிவு செய்யாமல் விடுவது

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். சிங்கப்பூர் ஆற்று முகத்தில் ஐம்பது வரி எழுத்தோடு ஒரு பெருங்கல் இருந்தது. 1843இல் பிரிட்டிஷார் அதை வெடிவைத்து உடைத்தார்கள். எஞ்சிய துண்டுகளில் ஒன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. கையால் எழுதிய அரைகுறைப் படிகளும் அந்தத் துண்டும் போதாததால், அது என்ன சொல்கிறது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. புக்கிட் பிரவுன் கல்லறைத் தோட்டத்தின் கதை கொஞ்சம் வேறு. புதிய சாலைக்காக அங்கே ஆயிரக்கணக்கான கல்லறைகளை அகற்றப்போவதாக 2011இல் அறிவிப்பு வந்தது. தோண்டும் முன் அவற்றைப் படம் எடுத்து, எழுத்துகளைப் படித்துப் பதிவு செய்தார்கள். சாலை வந்துவிட்டது என்பது வேதனைதான், ஆனால் அங்கே யார் கிடந்தார்கள் என்றாவது தெரியும்.

பழைய புகைப்படம் சாமியையே திருப்பிக் கொண்டுவரும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் சிவன் கோயிலிலிருந்து செப்புத் திருமேனிகள் திருடுபோயின. அவற்றில் ஒன்றான நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. இன்னொன்றான உமா பரமேசுவரியோ இங்கே சிங்கப்பூருக்கே வந்து சேர்ந்தாள். ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007இல் அவளை ஒரு நியூயார்க் வணிகரிடமிருந்து 6,50,000 அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த கோயில் படங்கள்தாம் நடராசரை அடையாளம் காட்டின. அவர் 2014இல் இந்தியா திரும்பினார். உமாவைத் திருப்பித் தருவதாக இங்குள்ள அரும்பொருளகம் 2015இல் அறிவித்தது.

அத்தனை நிபுணர்கள் இருந்த இடங்களே ஏமாந்தன என்றால், விடுமுறைக்குப் போன ஊரில் "இது பழைய சாமான்" என்று கடைக்காரர் இரகசியக் குரலில் நீட்டும் கல் தலையைப் பற்றி நாம் என்ன சொல்வது? போலி என்றால் பணம் போயிற்று. உண்மை என்றால் எங்கோ ஒரு சுவரில் தலையில்லாத உடல் நிற்கிறது.

யுனெஸ்கோ பார்த்துக்கொள்ளும் என்பது

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் பெயர் இருப்பது பூட்டு ஆகாது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் எல்பே ஆற்றின் குறுக்கே பாலம் கட்டியே தீருவேன் என்றது, 2009இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. துறைமுகப் பகுதியில் புதிய கட்டடங்களை அனுமதித்த லிவர்பூலுக்கு 2021இல் அதே கதி. யுனெஸ்கோவால் பெயரை எடுக்க முடியும், பாலத்தை எடுக்க முடியாது.

போய்ப் பார்ப்பதால் ஒன்றும் ஆகாது என்பதும் தவறு. ஆதி மனிதர் தீட்டிய ஓவியங்கள் உள்ள பிரான்சின் லாஸ்கோ குகைக்கு 1950களின் நடுவில் நாளுக்கு 1,200 பேர் வந்தார்கள். அவர்கள் விட்ட மூச்சே ஓவியங்களைக் கெடுத்ததால் 1963இல் குகையை மூடினார்கள். நம் பக்கத்திலுள்ள இந்தோனேசியாவின் போரோபுதூர் பௌத்தக் கோயிலில் 2023இல் மேலே ஏற அனுமதி பெற்றவர்களும் நாளுக்கு 1,200 பேர்தான். படிகள் தேயாதிருக்க, அங்கே கொடுக்கும் பின்னல் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். அதைப் பார்த்து முகம் சுளித்த நம்மவர்களை எனக்குத் தெரியும். வாசலிலேயே செருப்பைக் கழற்றிப் பழகிய நமக்கு இதில் என்ன சங்கடம் என்று புரியவில்லை.

இன்னொன்று, அங்கே வாழ்கிறவர்களை ஒதுக்கிவிட்டுக் கட்டடத்தை மட்டும் காக்க நினைப்பது. மாலி நாட்டின் ஜென்னே மசூதி முழுக்க மண்ணால் ஆனது. ஆண்டுதோறும் ஊரே கூடி அதற்குப் புதுமண் பூசுகிறது. பொங்கலுக்கு முன் வெள்ளையடித்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

சித்தப்பாவுக்கு அந்த நான்கு கேள்விகளையும் எழுதி அனுப்பினேன். மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள் விடியற்காலையில் ஒரு படம் வந்தது. மண்டபத்தின் வடபக்கப் படிக்கல்லை ஈரத்துணியால் துடைத்திருந்தார். "தம்பி, இது எழுத்தா, கீறலா?" என்று கீழே எழுதியிருந்தார். எழுத்துதான். கல்வெட்டு வகுப்பில் நான்கு வாரம் உட்கார்ந்த அறிவை வைத்து இரண்டாம் வரியில் 'யாண்டு', அதாவது ஆண்டு, என்ற ஒரு சொல்லை மட்டும் படிக்க முடிந்தது. அதற்கு அடுத்து வர வேண்டிய எண், போன குடமுழுக்குக்கு அடித்த பச்சை எனாமலுக்கு அடியில் இருக்கிறது.