பழைய வெப்காம் வில்லையால் ஒரு போன் நுணுக்குக்காட்டி

முக்கியமான பாகம் பழுதான வெப்காமின் வில்லைதான். கணினி திருத்தும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அதை இடப்பக்கம் திருகினால் கழன்று வரும். அதைவிட 6 மில்லிமீற்றர் தடிப்பும் 10 சென்ரிமீற்றர் நீளமுமான போல்ற் 3, நட் 11, பலகைத் துண்டு ஒன்று, தெளிவான பிளாஸ்ரிக் தகடு 2 வேண்டும்.

பலகையில் போல்ற்றுகளை நிமிர்த்தி, ஒவ்வொன்றையும் ஒரு நட்டால் இறுக்குங்கள். மேல் தகட்டில் வில்லையின் அகலத்துக்கு ஓட்டை போட்டு, வில்லையின் முன்முகம் மேலே பார்க்க, தகட்டோடு மட்டமாகப் பொருத்துங்கள். தலைகீழாகப் போட்டால் ஓரமெல்லாம் மங்கும். சுப்பர் குளூ பாவிக்கவே வேண்டாம். அதன் ஆவி வில்லையில் வெள்ளையாகப் படிந்துவிடும். இந்தத் தகட்டின் மேலும் கீழும் நட் போட்டு இறுக்கி, போனின் பிரதான கமரா வில்லைக்கு நேரே வரும்படி போனைப் படுக்க வையுங்கள். இரண்டுக்கும் இடையில் இடைவெளி கூடினால் படத்தைச் சுற்றிக் கறுப்பு வட்டம் விழும்.

பார்க்கும் பொருளை வைக்கும் கீழ்த்தகடு இரண்டு போல்ற்றில் மட்டும், நட்டின்மேல் சும்மா இருக்கட்டும். தெளிவு முழுக்க இதில்தான் இருக்கிறது. வழமையான 6 மில்லிமீற்றர் போல்ற்றில் நட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் தகடு 1 மில்லிமீற்றர் ஏறும். அது மிக அதிகம். படம் தெரியத் தொடங்கியதும் கால் சுற்றுக்கும் குறைவாக, இரண்டு நட்டையும் ஒரே அளவில் திருப்புங்கள். ஒன்று கூடினால் பாதிப் படம் மங்கும்.

வெளிச்சம் கீழிருந்து வரவேண்டும். சின்ன ரோச்சின்மேல் வெள்ளை ரிசுத்தாளைப் போர்த்திப் பலகையில் வையுங்கள். போனின் பிளாஷை நிறுத்துங்கள். சூம் 1-இல் இருக்கட்டும். விரல் பட்டாலே படம் நடுங்கும், ஆகவே 3 செக்கன் ரைமர் வைத்து எடுங்கள்.

முதலில் பார்க்க நம்மூர்ச் சிவப்பு வெங்காயத்தை விடச் சிறந்தது கிடையாது, சாயமே தேவையில்லை. காய்ந்த சருகை அல்ல, சதையிதழின் ஊதா நிறமான வெளித்தோலை மெல்லியதாக உரித்து, மடியாமல் கீழ்த்தகட்டில் ஒரு துளி தண்ணீரில் விரித்து, மெல்லிய தெளிவான பிளாஸ்ரிக் துண்டால் மூடுங்கள். தடித்துப் போனால் கலங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குழம்பித் தெரியும். பிறகு 100 மில்லிலீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, ஓரத்தில் ஒரு துளி விட்டு, எதிர் ஓரத்தில் ரிசுத்தாளால் உறிஞ்சுங்கள். சில நிமிடங்களில் ஊதா நிறம் கலச்சுவரை விட்டு உள்ளே சுருங்கும்: உப்புநீர் கலத்தின் தண்ணீரை வெளியே இழுத்துவிட்டது. நல்ல தண்ணீர் விட்டால் பெரும்பாலான கலங்கள் மீண்டும் விரியும்.

பற்றீரியாவை இதில் தேடவேண்டாம், அவை மிகச் சிறியவை. அளவு எடுக்க விரும்பினால் தெளிவான அடிமட்டத்தின் 1 மில்லிமீற்றர் இடைவெளியை அதே சூமில் ஒரு படம் எடுத்து, கலத்தின் நீளத்தை அதோடு ஒப்பிடுங்கள்.