ஏழைகளுக்குள் ரொம்பக் கீழே இருப்பது யார்? ஒரு நோட்டுக் கணக்கு

குளச்சல் பக்கம் எங்கள் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுவது நான்தான். போன வருடம் உதவிப் பட்டியல் போடும்போது, வறுமைக் கோட்டுக்குக் கீழே எத்தனை வீடு என்று மட்டும் பார்த்தேன். அந்த எண்ணிக்கை குறைய வேண்டுமென்றால் கோட்டை ஒட்டி நிற்பவரைத் தூக்கிவிடுவதுதான் சுலபம், அப்படியே செய்துவிட்டேன். அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைக்கிற பாட்டி, கறை ஏறிக் கறுத்த விரலைப் பட்டியலில் ஓட்டி, “மக்களே, எனக்க பேரு இல்லியா?” என்றார். அன்றிரவு நோட்டைத் திரும்பப் பிரித்தேன்.

நீங்களும் பத்து வீட்டை எழுதுங்கள். ஒரு மாத வருமானத்தைக் கேட்காதீர்கள். இங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த மாதம் கேட்டால் ஒரு கணக்கு, செப்டம்பரில் கேட்டால் வேறு கணக்கு. வருடச் செலவைக் கேட்டு 12-ஆல் வகுத்து, அப்புறம் வீட்டில் உள்ள தலைகளால் வகுங்கள்.

கணக்குக்காக, கோடு ஆளுக்கு 2000 ரூபாய் என்று வைப்போம். கீழே இருப்பது நாலு வீடு: 1800, 1800, 1400, 1000. பத்தில் நாலு, 0.4. அடுத்து, ஒவ்வொரு வீட்டின் குறைவையும் 2000-ஆல் வகுங்கள்: 0.1, 0.1, 0.3, 0.5. கூட்டிப் பத்தால் வகுத்தால் 0.1. இதுதான் வறுமை இடைவெளி.

சரி, 1000 ரூபாய் வீட்டில் 200-ஐப் பிடுங்கி 1400 வீட்டுக்குக் கொடுங்கள். எவ்வளவு பெரிய அநியாயம்! ஆனால் 0.4-ம் அசையாது, 0.1-ம் அசையாது. 1976-ல் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் சுட்டிக்காட்டிய குறை இதுதான். கீழே போகப் போக எடை கூடும் ஓர் அளவை அவர் தந்தார். 1984-ல் ஃபாஸ்டர், கிரீர், தோர்பெக் என்ற பொருளாதார அறிஞர்கள் மூவரும் தந்த வழி நம் நோட்டுக்கு இன்னும் லேசு: வகுத்து வந்த ஒவ்வொரு எண்ணையும் அதே எண்ணால் பெருக்கிவிட்டுக் கூட்டுங்கள். முன்பு 0.01, 0.01, 0.09, 0.25, பத்தால் வகுத்தால் 0.036. பிடுங்கிய பிறகு 0.042. இப்போதுதான் கணக்குக்கு வலிக்கிறது.

ஒன்றில் கவனம் வேண்டும். 1000-ஐக் கைதவறி 100 என்று எழுதினால் 0.036 என்பது 0.101 ஆகிவிடும். அதனால் அடியில் இருக்கிற வீட்டுக்கு மட்டும் இரண்டு தடவை போகிறேன். மகள் கொடுத்துவிடும் அரிசியைப் பாட்டி முதல் தடவை சொல்லவே இல்லை.