கோடை விடுமுறையில் கடற்கரைக்குப் போய் நாவல் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் நாவலைப் பாதிவரை எழுதியவர்கள் ஏப்ரல், மே விடுமுறை வந்ததும் கடற்கரைக்குக் கிளம்புகிறார்கள். நாகப்பட்டினமோ இராமேசுவரமோ குளச்சலோ, ஒரு பகல் சுற்றிவிட்டு நூறு படங்களும் பத்துப் பக்கக் குறிப்புமாகத் திரும்புகிறார்கள். அடுத்த சில மாதங்கள் அந்தக் குறிப்பை வைத்தே அத்தியாயங்கள் வளர்கின்றன. கடைசியில் அந்தக் கரையில் பிறந்த ஒருவர் கைப்பிரதியைப் படித்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். நான்கு அத்தியாயங்கள் சரிந்துவிடுகின்றன. நானும் செய்து கற்றுக்கொண்ட தவறுகள்தாம் இவை. புதிதாக வருகிறவர்களும் அதே குழியில் கால் வைப்பதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒற்றுப்பிழை, மெரினாவில் சூரியன் கடலுக்குள் மறைவது போன்றவற்றை இங்கே தொடவில்லை. அவற்றை முதலில் படிக்கிறவரே திருத்திக் கொடுத்துவிடுவார்.

மே மாதக் கரையை வருடம் முழுக்க விரிப்பது

எல்லாவற்றிலும் அதிக விலை கொடுக்க வைப்பது இதுதான். இன்றுவரை எரிச்சல் தருவதும் இதுதான்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கோடை விடுமுறையும் தடைக்காலமும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்றாக விழுகின்றன. ஆகவே மே மாதம் துறைமுகத்துக்குப் போகிறவர் காண்பது ஒரு விசேஷமான இரண்டு மாதத்தை. விசைப்படகுகள் நெருக்கியடித்துக் கட்டிக் கிடக்கும். சில படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்த்து வண்ணம் அடித்துக்கொண்டிருப்பார்கள். நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைச் சரிசெய்வார்கள், நடுவே சீட்டாடுவார்கள். ஐஸ் ஆலையில் பெரிய சத்தம் இருக்காது.

இதைப் பார்த்தவர் ஊரின் நிரந்தர முகம் என்று எடுத்துக்கொள்கிறார். கதை தை மாதத்தில் தொடங்குகிறது. அங்கேயும் படகுகள் உறங்குகின்றன, ஆண்கள் பகல் முழுக்க நிழலில் இருக்கிறார்கள். உண்மையில் தை மாத விடியலில் அதே இடத்தில் படகிலிருந்து மீன் இறங்கிக்கொண்டிருக்கும். ஐஸ் உடைக்கும் சத்தத்துக்கும் ஏலக் குரலுக்கும் நடுவே பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. எழுதியவர் அமைதியான கரையைக் காட்டி, அங்குள்ள மனிதர்களைச் சோம்பேறிகளாகவும் ஆக்கிவிடுகிறார். அது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

அதோடு கதையின் இயக்கமே கைநழுவிப் போகிறது. தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளியின் வருமானம் நின்றுவிடும். அரசு தரும் நிவாரணத் தொகையோடு கடன், அடகு, முன்பணம் எல்லாம் சேர்ந்துதான் வீடு நகரும். ஜூனில் பள்ளி திறக்கும். கட்டணம், நோட்டுப் புத்தகம், சீருடை. படகு கடலுக்குப் போவதோ ஜூன் 15-க்கு மேல்தான். முதல் பயணத்தில் மீன்பாடு எப்படி என்பதில் ஒரு குடும்பத்தின் ஒரு வருடம் தொங்கிக்கொண்டிருக்கும். இப்படி ஒரு முடிச்சு கையருகே கிடக்க, தெரியாமல் அதைத் தாண்டிப் போய், செயற்கையாக ஒரு வில்லனைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

அடுத்து ஆண்டு. தமிழ்நாட்டில் இந்தத் தடை 2001-இல்தான் வந்தது. அப்போது ஏப்ரல் 15 முதல் மே 29 வரை 45 நாள். 61 நாளாக நீட்டியது 2017-இல். கதை 1988-இல் நடந்தால் தடைக்காலம் என்ற சொல்லே யார் வாயிலும் வரக் கூடாது. 2010-இல் நடந்தால் ஜூன் முதல் வாரத்தில் அப்பா வீட்டில் படுத்திருக்கக் கூடாது, அவர் கடலில் இருக்க வேண்டும்.

அடுத்து இடம். கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு கணக்கு. சின்னமுட்டம் கிழக்குக் கரையின் தேதியைப் பின்பற்றுகிறது. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மே மாதத்தில் ஒரு துறைமுகம் உறங்கும்போது அதே மாவட்டத்தின் மற்றொன்றில் கூட்டம் அலைமோதும்.

இன்னொன்றும் உண்டு: தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகும் வெளியே மோட்டார் பொருத்திய ஃபைபர் படகும் கரையை ஒட்டிய கடலில் தொழில் செய்யும். வரத்து குறைவதால் அந்த மீனுக்கு நல்ல விலையும் கிடைக்கும். ‘கடலே வெறிச்சோடிக் கிடந்தது’ என்று எழுதினால் ஒரு பாதி ஊரை அழித்துவிடுகிறீர்கள்.

கடலின் குணமும் மாதத்துக்கு மாதம் வேறு. வடகிழக்குப் பருவமழையின் ஐப்பசி, கார்த்திகையில் கிழக்குக் கரை கொந்தளிக்கும், துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். குமரியின் மேற்குப் பக்கம் கொந்தளிப்பது தென்மேற்குப் பருவக் காற்று வீசும் ஜூன், ஜூலையில். மே மாதக் காலையில் பார்த்த கடலை வைத்துக் கார்த்திகைக் காட்சியை எழுதினால், அந்தக் கரைக்காரர் முதல் பத்தியிலேயே புத்தகத்தை மூடிவிடுவார். ஒரு சொல்லை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. அஸ்திவாரம் தவறான மாதத்தில் போடப்பட்டிருக்கிறது. பிரித்துத்தான் கட்ட வேண்டும். ஓராண்டு உழைப்பு அப்படியே போகும்.

தவிர்க்க வழி ஒன்றுதான். கிளம்புவதற்கு முன் ஒரு முழுத்தாளில் சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு வரிசை போடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து கட்டம்: காற்று, கிடைக்கும் மீன், செய்யும் வேலை, கையில் காசு வரும் நாள், திருவிழா. உங்கள் அத்தியாயங்கள் எந்த மாதத்தில் விழுகின்றன என்று பென்சிலால் குறியுங்கள். போன இடத்தில் கண்ணில் படுவதைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். “அண்ணே, போன கார்த்திகையில இந்த நேரத்துக்கு எங்க இருந்திருப்பீங்க?” என்று கேளுங்கள். மே மாதக் கரையில் உட்கார்ந்தபடியே கார்த்திகையை வாங்கிவர இதுதான் கேள்வி. படகு உரிமையாளரோடு நிறுத்திவிடாமல் மீன் விற்கும் அக்காவிடமும், ஐஸ் ஆலையில் வேலை செய்பவரிடமும், வலை கட்டுகிறவரிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள். நான்கு பேரின் கார்த்திகையும் வேறு வேறாக இருக்கும். அங்கேதான் நாவல் இருக்கிறது.

திருவிழாக் கட்டத்தையும் அசட்டையாக நிரப்பாதீர்கள். வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை. இவை தேதி மாறாதவை. மாசிமகம் நட்சத்திரத்தைப் பொறுத்தது, பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் இடையே நகரும். நாகூர் கந்தூரியோ பிறைக் கணக்கு. ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் வரும். இந்த வருடக் கந்தூரி தேதியைப் பத்து வருடத்துக்கு முந்தைய கதையில் வைத்தால் மூன்று மாதத்துக்கு மேல் பிசகும்.

முடிந்தால் ஐப்பசியிலோ கார்த்திகையிலோ இரண்டாவது முறை போங்கள். முதல் பயணத்தைவிட அது முக்கியம்.

2004-க்குப் பின் கட்டியதை முன்னால் வைப்பது

சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. மீனவர் குடியிருப்புகள் பல அதன் பிறகு கரையிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டப்பட்டவை. ஒரே அச்சில் வார்த்த அந்த வீடுகளை 1990-இல் நடக்கும் கதையில் பார்க்கும்போது வலிக்கிறது. கல் கொட்டிய தடுப்புச் சுவரையும், கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் தூண்டில் வளைவையும் எழுதுமுன் அவை எந்த ஆண்டு வந்தன என்று ஊர்ப் பெரியவரிடம் கேளுங்கள்.

மாலை நான்கு மணிக்குப் போய்ச் சேர்வது

அந்த நேரத்தில் கரையில் இருப்பவர்கள் உங்களைப் போல வந்தவர்கள். சுண்டலும் பலூனும்தான் குறிப்பேட்டில் ஏறும். முந்தின இரவே போய்த் தங்கி, விடியலுக்கு முன் மீன் இறங்கும் இடத்தில் நில்லுங்கள். மே மாதமானால் நாட்டுப்படகுகள் கரைக்கு வரும் இடத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏலம் முடிந்து கூடைகள் கிளம்பும்வரை இடம் மாறாதீர்கள். ஒரு பகலில் ஐந்து இடம் பார்ப்பதைவிட ஒரே இடத்தில் நான்கு மணி நேரம் நிற்பது மேல். வெயில் ஏறியதும் நிழலுக்குப் போய்விடுங்கள்; அக்கினி நட்சத்திரத்தில் மணலில் நின்று எடுத்த குறிப்பை நீங்களே பிறகு படிக்க மாட்டீர்கள். பகலில் நிலக்காற்று நின்று கடற்காற்று திரும்பும் தருணத்தை மட்டும் கடிகாரம் பார்த்து எழுதி வையுங்கள். அதைக் கற்பனையில் செய்ய முடியாது.

நிலா

ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தாமதமாக எழும். அடுத்தடுத்த மூன்று மாலைகளில் ஒரே நேரத்துக்கு முழுநிலவை எழுப்பாதீர்கள்.

அமைதியாகத் தெரியும் நீர்

இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் உடையாமல் அடங்கித் தெரியும். உள்ளே இழுக்கும் நீரோட்டம் பெரும்பாலும் அங்கேதான். நீங்களும் இறங்காதீர்கள். கதையில் ஒருவர் மூழ்கினால் பேரலை அடித்துப் போவதாக எழுதாமல், அங்கே இறக்கிப் பாருங்கள். கரையை நோக்கி எதிர்நீச்சல் அடித்துத்தான் களைத்துப் போகிறார்கள். கரைக்கு இணையாக நீந்தி இழுப்பிலிருந்து விலகத் தெரிந்தவர் தப்புவார். இது தெரிந்த பாத்திரம் யார், தெரியாதது யார் என்பதே ஒரு காட்சி.

மடிக்கணினியை மணலுக்குக் கொண்டுபோவது

வேண்டாம். கெட்டி அட்டை நோட்டும் பென்சிலும் போதும். ஜெல் பேனா ஈரத்தில் பரவும்.

படம் எடுத்ததால் எழுத வேண்டாம் என்று நினைப்பது

படம் பொருளுக்கு: முடிச்சு, பலகை, கூடையின் பின்னல். காட்சிக்குப் படம் உதவாது. வாடையும் குரலும் அதில் இல்லை. அன்றிரவு தூங்குமுன் இரண்டு பக்கம் எழுதியாக வேண்டும். கேட்ட சொற்களைச் சொன்னபடியே, யார் யாரிடம் சொன்னார் என்பதோடு. மறுநாள் காலை உங்கள் நினைவு அவற்றைப் புத்தகத் தமிழாக்கிவிடும்.

கடல் நாவல்களை மட்டும் படித்துச் சொல் பொறுக்குவது

எழுதும் காலத்தில் நாவல் படிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். படிக்கலாம். ஆனால் அதே கடலை எழுதிய நாவலை அந்த மாதங்களில் ஒதுக்கி வையுங்கள். அதன் சொல் உங்கள் பாத்திரத்தின் வாயில் ஒட்டிக்கொள்ளும். கடல் ஒன்றானாலும் சொல் கரைக்குக் கரை வேறு. ‘பாடு’ என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். பழவேற்காடு ஏரியில் அது முறைவைத்து மீன்பிடிக்கும் உரிமையையும் அந்த இடத்தையும் குறிக்கும். ஒரு குடும்பத்தின் பாடு என்பது பரம்பரைச் சங்கதி. மற்ற கரைகளில் ‘மீன்பாடு’ என்றால் வலையில் கிடைத்த மீன். பழவேற்காட்டுப் பெரியவர் “பாடு போச்சு” என்றால் உரிமையே போனதாகவும் இருக்கலாம். இந்த வேறுபாடு தெரியாமல் சொல்லை எடுத்து ஒட்டினால் உரையாடல் பொய்யாகும்.

அந்த மாதங்களில் நாவலுக்கு வெளியே படியுங்கள். கதை நடக்கும் ஆண்டின் செய்தித்தாளில் பத்து நாளை விளம்பரம் விடாமல் வாசியுங்கள். எழும்பூர் கன்னிமாரா நூலகமும், தரமணியில் பழைய இதழ்களைச் சேமித்து வைத்திருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இதற்கு நல்ல இடங்கள். பிடித்த நாவலைப் படிக்கும்போது பென்சிலோடு உட்காருங்கள். ஓர் அத்தியாயத்தில் எத்தனை காட்சி, ஒரு காட்சிக்குள் எவ்வளவு நேரம் ஓடுகிறது, யார் பேசாமல் இருக்கிறார் என்று ஓரத்தில் குறியுங்கள். மூன்று அத்தியாயத்துக்கு இதைச் செய்தால் அந்த எழுத்தாளர் எங்கே வேகம் பிடிக்கிறார், எங்கே நிறுத்துகிறார் என்பது கைக்கு வரும்.

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களை எழுதும்போது ராஜம் கிருஷ்ணன் அந்த மக்களிடையே சென்று பழகித்தான் எழுதினார். நூல் வாசிப்பு அதற்கு ஈடாகாது; ஆனால் வாசிக்காமல் போனால் எதைக் கேட்பது என்றே தெரியாது.

திரும்பி வந்ததும் முதல் அத்தியாயத்தை மறுபடி எழுதுவது

பையில் புதுக் குறிப்பு இருக்கிறது, உடனே முதல் பக்கத்துக்குப் போய் அதையெல்லாம் திணிக்கத் தோன்றும். போகாதீர்கள். நிறுத்திய இடத்திலிருந்தே தொடருங்கள்; பழைய அத்தியாயத்தில் மாற வேண்டியதை அதன் ஓரத்தில் ஒரு வரியில் குறித்துவிட்டு நகருங்கள். முதல் வரைவு முடியும்வரை இதுதான் சட்டம். முதல் அத்தியாயத்தை ஏழு முறை எழுதியவரிடம் எட்டாவது அத்தியாயம் இருப்பதில்லை.

பயணம் கிளம்பும் முன் அத்தியாயத்தை முடித்துவிட்டுப் போவதும் தவறு. நடுவில், அடுத்த வரி என்ன என்று தெரிந்த இடத்தில் நிறுத்துங்கள். அந்த அடுத்த வரியை எழுதாமல், அதன் குறிப்பை மட்டும் அடியில் எழுதி வையுங்கள். நான்கு நாள் கழித்து வந்து உட்காரும்போது அந்தக் குறிப்பு கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகும்.

சொல் கணக்கை ஆங்கிலத்திலிருந்து எடுப்பது

கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று கடிகாரம் வைத்து எழுதியவர் ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரலோப். அது ஆங்கிலக் கணக்கு. தமிழில் ‘போய்விட்டிருந்தானாம்’ ஒரே சொல். அதே எண்ணிக்கையைப் பிடிக்க முயன்று ‘ஒரு’, ‘அந்த’, ‘மிகவும்’ என்று நிரப்புகிறார்கள். பக்கக் கணக்கு வையுங்கள். வேலைக்குப் போகிறவருக்கு நாளொன்றுக்குக் கையெழுத்தில் ஒன்றரைப் பக்கம் நியாயமானது. ஆறு நாள் எழுதி, ஏழாம் நாள் வாசியுங்கள்.

விலை கேட்காமல் வருவது

என்ன விலைக்குப் போனது, கூடைக்கா பெட்டிக்கா கிலோவுக்கா, காசு அங்கேயே கைமாறியதா கணக்கில் ஏறியதா என்று மூன்றையும் குறியுங்கள். கதை பழையதென்றால் அளவும் மாறும். நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். கிலோ கட்டாயமானது 1962 ஏப்ரலில். 1955-இல் மீன் வாங்க வருகிறவள் அணாவைத்தான் எண்ணிக் கொடுப்பாள், வீசையில்தான் நிறுத்து வாங்குவாள்.