லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காரில் எதை முன்கூட்டியே மாற்றுவது?

ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரில் எல்லாவற்றையும் மாற்றப் புறப்பட்டால், காரின் விலையைச் செலவு விழுங்கிவிடும். ஆகவே, பழுதானால் எஞ்சினையே கெடுக்கும் பாகம் எது, வண்டியை வழியில் நிறுத்துவதோடு விட்டுவிடும் பாகம் எது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

முதலிடம் டைமிங் பெல்ட்டுக்குத்தான்; எஞ்சினுக்குள் பிஸ்டனும் வால்வுகளும் ஒத்திசைந்து இயங்க வைக்கும் ரப்பர் பட்டை அது. மாருதியின் கே சீரிஸ் போன்ற எஞ்சின்களில் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருப்பதால் இந்தக் கவலை குறைவு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்ற சத்தம் வந்தால் மட்டும் காட்டிவிட வேண்டும். பெல்ட் என்றால், கையேட்டில் உள்ள கிலோமீட்டர், ஆண்டு இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவே கெடு, ஏனெனில் ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தவுடன் பிஸ்டன் இடித்து வால்வுகள் வளைந்துவிடும். பெரும்பாலும் முன்னறிவிப்பும் இராது. மாற்றும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், அந்த பெல்ட்டிலேயே சுழல்வதாக இருந்தால் கூலன்ட்டை (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை) சுழற்றும் வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றிவிட்டால், கழற்றிப் பூட்டும் கூலி இரண்டு முறை ஆகாது.

அடுத்தது கூலிங். மே மாத வெயிலில், ஏசி ஓட, கிண்டி நெரிசலில் நிற்கும் காருக்கு எதிர்க்காற்று கிடையாது. ரேடியேட்டர் ஃபேன் ஒன்றே கதி. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு கூலன்ட் ஓடும் ரப்பர் குழாயான ஹோஸை, அதை இறுக்கும் கிளாம்ப் அருகே அழுத்திப் பாருங்கள்: கொழகொழவென்று அமுங்கினாலோ, கல்லாக இறுகி வெடிப்புக் கண்டிருந்தாலோ மாற்றிவிட வேண்டும். வாட்டர் பம்பின் சிறு துளையைச் சுற்றிக் கூலன்ட் காய்ந்த கறை தெரிந்தால், உள்ளே சீல் போகத் தொடங்கிவிட்டது என்று பொருள். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். போர் தண்ணீரை ஊற்றவே கூடாது. அதன் உப்பு உள்ளே படிந்து அடைத்துவிடும். "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு சார், எடுத்துடலாம்" என்று சில மெக்கானிக்குகள் சொல்வதுண்டு, இசையாதீர்கள். எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு தெர்மோஸ்டாட். அது இல்லாத எஞ்சின் உரிய சூட்டை எட்டத் தாமதித்து, எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். பழையதை எடுத்தால் புதியதைப் போடச் சொல்லுங்கள்.

பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும், எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் அறிகுறி காட்டும்வரை காத்திருக்கலாம். ஸ்பார்க் பிளக்கைக் கையேட்டின்படி மாற்றினால் போதும்.

உதிரிபாகங்களைச் சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் புதிதாக, பில்லுடன் வாங்குங்கள். புதுப்பேட்டையில் பழைய கதவோ கண்ணாடியோ வாங்குவதில் தவறில்லை. பெல்ட், சீல், ஹோஸ் ஆகியவற்றை மட்டும் அங்கே பழையதாக வாங்க வேண்டாம். வேலை முடிந்ததும், மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் டைமிங் கவரின்மேல் மார்க்கரால் எழுதச் சொல்லிவிடுங்கள்.