வாங்குன பொருள் கெட்டுப்போய் கடைக்காரன் கைய விரிச்சுட்டானா? கார்டு கம்பெனியப் புடிங்க (யூகே)

இது யூகேல இருக்கறவங்களுக்கு மட்டும், நம்ம ஊர்ல இந்தச் சட்டம் கிடையாது.

போன வருஷம் 429 பவுண்ட் குடுத்து ஒரு வாஷிங் மெஷின் வாங்குனேன். அஞ்சாவது மாசம் ஸ்பின் போடும்போதெல்லாம் தகர டப்பால கூழாங்கல்லப் போட்டு ஆட்டற மாதிரி சத்தம், அப்புறம் ஒருநாள் அடியில துருத் தண்ணி. கடைக்கு போன் பண்ணா மெஷின் செஞ்ச கம்பெனிகிட்ட பேசுங்கங்கறான், கம்பெனிக்காரன் நீங்க ஓவர்லோட் பண்ணிருப்பீங்கங்கறான், இப்படியே மூணு வாரம் அலையவிட்டாங்க. ஆபீஸ்ல ஒரு அண்ணன்தான் கேட்டாரு, "எந்தக் கார்டுலடா வாங்குன?"

விஷயம் அங்கதான் இருக்கு. 1974 கன்ஸ்யூமர் கிரெடிட் ஆக்ட்ல செக்‌ஷன் 75னு ஒண்ணு இருக்கு, கிரெடிட் கார்டுல வாங்குன பொருள் சரியில்லன்னா கடைக்கு எவ்ளோ பொறுப்போ அவ்ளோ பொறுப்பு கார்டு குடுத்த பேங்க்குக்கும். கடை மங்களம் பாடிட்டுப் போயிருந்தாலும் கேக்கலாம். பொருளோட விலை 100 பவுண்டுக்கு மேல இருக்கணும் (சரியா 100னா கிடையாது), 30,000 வரைக்கும் ஓகே. 50 பவுண்ட் அட்வான்ஸ மட்டும் கிரெடிட் கார்டுல கட்டிட்டு மீதிய கேஷா குடுத்திருந்தாலும் முழுப் பணத்துக்கும் கவர் உண்டு, இது நெறய பேருக்குத் தெரியாது.

மாட்டிக்கற எடமும் இருக்கு. டெபிட் கார்டுக்கு இது கிடையாது. 60 பவுண்ட் சேர் ரெண்டு தனித்தனியா வாங்கிட்டு 120 ஆச்சேன்னு கேட்டா நடக்காது, ஒரு பொருளோட விலையத்தான் பாப்பாங்க. பேபால், மார்க்கெட்பிளேஸ்னு நடுவுல வேற ஒருத்தர் வந்தா பேங்க் தட்டிக்கழிக்க வாய்ப்பிருக்கு. எக்ஸ்ட்ரா கார்டு வச்சிருக்கறவங்க வாங்குனாலும் வம்பு வரும், பெரிய சாமான்னா மெயின் கார்டு யார் பேர்ல இருக்கோ அவங்களே வாங்கிடுங்க.

சரி, எப்படிக் கேக்கறது? மொதல்ல கடைக்கு ஒரு மெயில். சட்டப்படி கடைகிட்ட கேட்டுட்டுத்தான் வரணும்னு இல்ல, ஆனா அந்த மெயில் கையில இருந்தா பேங்க்காரன் உங்களத் திருப்பி அனுப்ப முடியாது. கம்பெனிகிட்ட பேசுன்னு சொன்னா கேக்காதீங்க, நீங்க காசு குடுத்தது கடைக்கு. 2015 கன்ஸ்யூமர் ரைட்ஸ் ஆக்ட் படி கெட்டுச்சுன்னா, வாங்கி 30 நாளுக்குள்ள நேரா ரிஜெக்ட் பண்ணி (பொருள் வேணாம்னு திருப்பிக் குடுத்து) முழுப்பணம் கேக்கலாம். அதுக்கப்புறம்னா ரிப்பேர் பண்ணவோ மாத்திக் குடுக்கவோ கடைக்கு ஒரு சான்ஸ் குடுக்கணும், அது ஒழுங்கா நடக்கலன்னா ரிஜெக்ட் பண்ணலாம். அந்த "ரிஜெக்ட் பண்றேன்"ங்கற வார்த்தைய 6 மாசம் முடியறதுக்குள்ள எழுத்துல போட்டுடுங்க, லேட்டாச்சுன்னா நீங்க யூஸ் பண்ணதுக்குன்னு ஒரு தொகைய வெட்டலாம். நான் 14 நாள் டைம் குடுத்து அனுப்புனேன், பதிலே வரல.

அடுத்து பேங்க். போன்ல சும்மா "டிஸ்ப்யூட்"னு சொல்லிடாதீங்க, நான் அப்படிச் சொல்லித்தான் ஏமாந்தேன். போன எடுத்த பேங்க் பொண்ணு சார்ஜ்பேக்னு (கார்டுல கட்டுன காசக் கடைகிட்ட இருந்து திருப்பி எடுக்கறது) பதிஞ்சுடுச்சு, அது விசா, மாஸ்டர்கார்டு வச்சிருக்கற ரூல், சட்டம் இல்ல, பெரும்பாலும் 120 நாள்தான் டைம். ரெண்டு வாரம் கழிச்சு டைம் முடிஞ்சிடுச்சு முடியாதுன்னு லெட்டர் வந்துச்சு, நானும் போனா போகட்டும்னு விட்டிருப்பேன், அந்த அண்ணன்தான் விடல. மறுபடி போன் பண்ணி "செக்‌ஷன் 75 கிளைம்"னு அழுத்திச் சொன்னதும் வேற ஃபார்ம் அனுப்புனாங்க. பில், கார்டு ஸ்டேட்மென்ட், கடைக்குப் போட்ட மெயில், சத்தம் வர்ற வீடியோ எல்லாத்தையும் சேத்து அனுப்புங்க.

இன்ஜினியர் ரிப்போர்ட் வேணும்னாங்க. டெலிவரி ஆகி 6 மாசத்துக்குள்ள கெட்டா மொதல்லயே கோளாறு இருந்துச்சுன்னுதான் சட்டம் எடுத்துக்கும், இல்லன்னு நிரூபிக்க வேண்டியது அவங்கன்னு எழுதுனேன், அதோட கப்சிப். 6 மாசம் தாண்டிருந்தா ரிப்போர்ட் நீங்கதான் வாங்கணும், அந்தச் செலவையும் கிளைம்ல போடுங்க. மெஷின் இல்லாதப்போ லாண்ட்ரெட்ல (காசு போட்டு தொவைக்கற கடை) தொவச்ச காசக்கூட கேக்கலாம், நான் 62 பவுண்ட் கேட்டேன், ரசீது இல்லாத ரெண்டு வாரத்த வெட்டிட்டு 48 குடுத்தாங்க.

பேங்க் மறுத்தாலோ இழுத்தடிச்சாலோ கம்ப்ளெயின்ட்னு பதியச் சொல்லுங்க, 8 வாரத்துல முடிவான பதில் வரலன்னா, இல்ல வந்தது புடிக்கலன்னா ஃபைனான்ஷியல் ஓம்பட்ஸ்மேன்கிட்ட (பேங்க் மேல வர்ற புகார விசாரிச்சு தீர்ப்பு சொல்ற அமைப்பு) போகலாம், காசு கிடையாது. முடிவு லெட்டர் தேதில இருந்து 6 மாசத்துக்குள்ள போயிடணும். இதுக்குன்னு பர்சென்டேஜ் கேக்கற ஏஜென்டுகள்ட்ட போயிடாதீங்க, அவங்க எழுதறதும் இதே லெட்டர்தான்.

கேஸ் முடியற வரைக்கும் மெஷினத் தூக்கிப் போட்டுடாதீங்க, ஆள் அனுப்பிப் பாக்கணும்னு கேக்கலாம். எங்க வீட்டு நடைல ரெண்டு மாசம் கெடந்துச்சு, வீட்டம்மா அது மேல வெங்காயக் கூடைய வச்சுட்டாங்க.