மருத்துவச்சிக் கல்வியில் அண்டை நாடுகள் கைகோக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெற்காசிய நாடுகள் மருத்துவச்சிக் கல்வியில் ஒன்றுக்கொன்று துணைநிற்க முனையும்போது முதலில் நேரும் தவறு, பயிற்சிக் காலத்தை மட்டும் ஒப்பிட்டு உடன்படிக்கை எழுதிவிடுவது. இலங்கையில் பொதுச் சுகாதார மருத்துவ மாது எனப்படும் ஊர் மருத்துவச்சிக்குப் பயிற்சி 18 மாதம். இந்தியா 2018-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி தொடங்கிய மகப்பேறு செவிலியர் படிப்பும் 18 மாதம்தான். ஆனால் முன்னவர் பள்ளிக் கல்வியை முடித்து நேரே பயிற்சிக்கு வந்து, தமக்கென ஒதுக்கப்பட்ட பகுதியில் வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளைக் கவனிப்பவர்; பின்னவரோ ஏற்கெனவே செவிலியராகப் பதிவுபெற்று, பிரசவ அறையை மையமாகக் கொண்டு பணியாற்றுபவர். வங்கதேசத்தில் பள்ளி முடித்தவர்கள் சேரும் 3 ஆண்டு டிப்ளமோ இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. யார் எந்தத் திறனை யாரிடம் கற்கப்போகிறார் என்பதை வரையறுக்காமல் பாடத்திட்டத்தைப் பகிர்ந்துகொள்வதால் பயன் சொற்பமே.

இலங்கையில் பேறுகால மரணம் குறைந்ததற்குப் பாடப்புத்தகமே காரணம் என்று கருதுவதும் பிழை. ஒரு பகுதி மக்களின் நோய்த்தடுப்பையும் தாய்சேய் நலத்தையும் ஒரே அமைப்பு கவனிக்கும்படி 1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, இலவச மருத்துவம், பெண்கல்வி, ஒவ்வொரு தாய்மரணத்தையும் விசாரிக்கும் நடைமுறை ஆகிய அனைத்தும் சேர்ந்தே அந்தப் பயிற்சிக்குப் பலன் அளித்தன.

மாணவியரைக் கூட்டமாக அண்டை நாட்டுக்கு அனுப்புவது படம் எடுக்க நன்றாக இருக்கும். கல்விக்கு அவ்வளவாக உதவாது. அந்நாட்டுப் பதிவும் மொழியும் இல்லாத மாணவி பிரசவ அறையில் பார்வையாளராகவே நிற்க நேரிடும். ஆனால் பன்னாட்டு மருத்துவச்சியர் கூட்டமைப்பின் தரநிலைகளோ படிப்பில் பாதியாவது நேரடிப் பயிற்சியாக அமைய வேண்டும் என்கின்றன. ஆகவே மாணவியர் தம் ஊர்ப் பெண்களிடமே பயில, ஆசிரியர்கள் எல்லை கடப்பதுதான் பொருத்தம் என்பது என் கருத்து. வங்கதேசத்தில் டிப்ளமோ தொடங்கியபோது கற்பித்தவர்கள் பெரும்பாலும் செவிலியர்களாகவே இருந்ததால், ஸ்வீடனின் தாலார்னா பல்கலைக்கழகம் அந்த ஆசிரியர்களுக்கு இணையவழியில் முதுகலைப் படிப்பை நடத்தியது. தொலைவிலிருந்து அவ்வளவு செய்ய முடிந்ததென்றால், சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் அண்டை நாட்டின் அனுபவமிக்க மருத்துவச்சி சில மாதங்கள் உடனிருந்து, பிரசவ அறையிலேயே ஆசிரியர்களுக்கு வழிகாட்டுவது கடினமன்று.

பணியிடமும் சட்ட அதிகாரமும் உருவாகுமுன் வகுப்பைத் தொடங்குவது மற்றொரு தவறு. சிக்கலற்ற பிரசவத்தைத் தாமே நடத்தவும் அவசரத்தில் முதல் மருந்தைக் கொடுக்கவும் அனுமதி பெறாதவர், எங்கு பயின்று வந்தாலும், மருத்துவரின் உதவியாளராகவே நிறுத்தப்படுவார். எனவே இரு நாடுகளின் செவிலியர், மருத்துவச்சியர் பதிவு மன்றங்களும் உடன்படிக்கைப் பேச்சின் முதல் நாளிலிருந்தே அமர்ந்திருக்க வேண்டும்.