"எப்ப போறியள்?" என்று கேட்டால்: யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

பெட்டியில் என்ன அடுக்குவது என்று சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். நான் எழுதுவது, ஊரில் காதில் விழப்போகும் சில பேச்சுகளைப் பற்றி. போன ஓகஸ்டில் மூன்று கிழமை யாழ்ப்பாணத்தில் நின்றேன். அதில் 9 நாள் ஓர் அரச கந்தோர், அதாவது அலுவலக, வாங்கில் போனது.

வந்து இறங்கிய அன்றே கேட்பது இது: "எப்ப வந்தனீங்கள்? எப்ப போறியள்?" இரண்டு கேள்வியும் ஒரே மூச்சில் வரும். கால் கழுவி உள்ளே வர முன்னமே போகிற நாளைக் கேட்கிறார்களே என்று எனக்குச் சுள்ளென்று ஏறும். இதற்குப் பதில் சொன்னதில்தான் நான் பெரிய பிழை விட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது, "உங்களுக்கென்ன, வெளிநாட்டுக்காரர்." மீன் சந்தையில் கேட்பீர்கள், கோயில் வாசலில் கேட்பீர்கள். ரொறன்ரோவில் நீங்கள் செய்யும் இரண்டு வேலையையும் வீட்டுக் கடனையும் விளக்கத் தொடங்காதீர்கள். 2022இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்ற சனம் அது. சிரித்துவிட்டு மீனை வாங்குங்கள்.

இனிக் கந்தோர்க் கதை. அப்பாவின் காணி அலுவலுக்கு அவருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி தேவைப்பட்டது. அவர் 1938இல் பிறந்தவர். பிறப்பைப் பதிந்த பகுதிக்குரிய பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பதிவு இலக்கம் தெரிந்தால் வேலை இலகு. தெரியாவிட்டால் பழைய புத்தகங்களைப் புரட்டித் தேட வேண்டும். எங்களிடம் இலக்கம் இல்லை. 1995இல் போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது றங்குப்பெட்டியோடு எல்லாக் கடதாசியும் போய்விட்டது.

முதல் நாள், "நாளைக்கு வாங்கோ." மறுநாள் போனால் புத்தகம் தேடுகிறவர் லீவு. மூன்றாம் நாள் போயா. பௌர்ணமி தோறும் அரச விடுமுறை என்பதை 35 வருடத்தில் மறந்துபோயிருந்தேன், பூட்டிய கேற்றைப் பார்த்துத்தான் நினைவு வந்தது. திங்கட்கிழமை புத்தகம் அகப்பட்டது, ஆனால் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து காணி உறுதியில் உள்ளதோடு ஒத்துவரவில்லை. "இது உங்கட அப்பாதான் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார்கள். வேலைக்குரிய கேள்விதான். ஆனாலும் அவர் பிறந்த ஊரில் நின்றுகொண்டு அதைக் கேட்டபோது தொண்டை அடைத்தது. அவருடைய கடைசிக் காரியத்தைப் பனிக்குள் செய்துவிட்டு வந்தவன் நான்.

சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடிக்கச் சொன்னார்கள், முடித்தேன். விதானையாரின், அதாவது கிராம அலுவலரின், கடிதம் கேட்டார்கள். "ஐயா கூட்டத்துக்குப் போட்டார்." அது இரண்டு நாள். எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தபோது வந்த பதில், "பாப்பம்."

இந்த "பாப்பம்" போல எரிச்சலூட்டும் சொல் வேறில்லை. ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அதைக் கேட்டதும் எழும்பி வந்துவிடாதீர்கள். "ஆரைச் சந்திக்கவேணும், எத்தினை மணிக்கு?" என்று தணிவாகக் கேளுங்கள். ஆளும் நேரமும் தெரிந்தால் பாதி அலைச்சல் குறையும். ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரைக் கொண்டு பதிவு இலக்கத்தை முன்கூட்டியே தேடி எடுப்பியுங்கள். பெயர் எழுத்து வித்தியாசங்களை விமானம் ஏற முன்னம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு வசனத்தை மட்டும் வாயில் எடுக்காதீர்கள்: "எங்கட இடத்தில எண்டால் இதெல்லாம் பத்து நிமிச வேலை." நான் சொன்னேன். மேசையிலிருந்த பிள்ளைக்கு 30 வயது இருக்காது, நான் ஊரை விட்ட பிறகு பிறந்தவள். பேனாவை வைத்துவிட்டு, "உங்கட இடம் இது இல்லையோ ஐயா?" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அவளுக்கு முன்னால் அந்தப் புத்தகம் ஓரம் செல்லரித்துத் திறந்து கிடந்தது. நாங்கள் எல்லோரும் போன பிறகும் அதை யாரோ பத்திரப்படுத்தியிருக்கிறார்கள்.

காணி வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கேட்பீர்கள்: "நாங்கள்தானே இவ்வளவு காலமும் பாத்தனாங்கள்." சித்தப்பாவின் மகன் சொன்னான். வேலி அடைத்தவனும் தென்னைக்குத் தண்ணீர் விட்டவனும் அவன்தான், நியாயம் உண்டு. ஆனால் உரிமையாளருக்கு எதிராக 10 வருடம் தடையில்லாமல் ஆண்டவர் உரித்துக் கோரச் சட்டம் இடம் கொடுக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஊரில் ஆட்சி உறுதி என்பார்கள். போரால் வர முடியாதவர்களுக்கு 2016இல் விசேட சட்டம் வந்தது, ஆனால் 2009 மே மாதத்துக்குப் பிந்திய வருடங்களுக்கு அது உதவாது. பார்ப்பவருக்குரியதைக் கொடுங்கள், உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரைக் கொண்டு எழுத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்தத் திகதி. கந்தோரிலும் "எப்ப போறியள்?" என்றுதான் கேட்பார்கள். "அண்ணை, முந்தின திகதியாச் சொல்லுங்கோ, போறதுக்கு முதல் நாள்தான் கையெழுத்து விழும்" என்றான் ஓட்டோக்காரத் தம்பி. எனக்கு விமானம் 24ஆம் திகதி. நான் 20 என்றேன். 19ஆம் திகதி பின்னேரம் பத்திரம் கைக்கு வந்தது. நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

கந்தோரோடு நிறுத்துங்கள். சிறிய ஊர், பேச்சு பரவும் என்று பயந்து நான் எல்லோரிடமும் 20 என்றே சொல்லிவைத்தேன், அப்பாவின் தங்கையிடமும். மாமிக்கு 74 வயது. 20ஆம் திகதி விடிய ஓட்டோ பிடித்து வந்து இறங்கினார். மிளகாய்த்தூள் மூன்று கிலோ, பனங்காய்ப் பணியாரம் ஒரு டின். நான் சொன்ன திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணி மிளகாய் காயப்போட்டிருக்கிறார். இடையில் ஒருநாள் மழை. முதல் நாள் இரவு முழுக்க இருந்து வறுத்து, தூளாக்கி, பணியாரமும் சுட்டிருக்கிறார். கை எரிவுக்குப் பூசிய நல்லெண்ணெய் அப்போதும் விரல்களில் இருந்தது.

"இன்னும் நாலு நாள் நிக்கிறன் மாமி" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "முதலே சொல்லியிருந்தால் ஆறுதலாய் வறுத்திருப்பன் தம்பி" என்றார்.